மலை ஏறினோம், கடலில் இறங்கினோம்

"அம்மா, நீ மட்டும் ஏன் எப்பவும் கரையிலேயே துண்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

என் பத்து வயதுப் பெண் ஒரு நாள் நீச்சல் குளத்தில் நின்றபடி என்னைக் கேட்ட கேள்வி இது. நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லுகிறேன்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, பாட்டி ஊர்க் குளத்துப் படிக்கட்டில் பாசி வழுக்கி உள்ளே போய்விட்டேன். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு புண்ணியவதி என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷங்கள் ஓடிவிட்டன. கல்லூரியில் படித்தேன், பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணமும் ஆயிற்று. ஆனால் ஷவரின் கீழ் நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் மட்டும் போகவே இல்லை!

பெண் கேட்ட கேள்வி மனத்தில் தைத்தது. ரகசியமாகப் பெண்கள் நேரத்தில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வருஷத்தில் நீந்தவும் கற்றுக்கொண்டேன். ஆனாலும் முகம் தண்ணீருக்குள் போன மாத்திரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இந்த நிலையில்தான் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "கரீபியன் கடலில் சேபா என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறதாம். கடலுக்கடியில் போய்ப் பார்ப்பதற்காகவே உலகமெங்குமிருந்து ஜனங்கள் வருகிறார்களாம். நீங்கள் போய்ப் பார்த்து எழுதுங்கள்" என்றார்.

"கரையில் உட்கார்ந்தபடியே எழுதலாமா, சார்?" என்று கேட்டேன்.

"தாராளமாக எழுதலாம். ஆனால் வாசகிகள் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்றார்.

மனிதருக்கு உங்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது! பெண்ணைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, சொந்தச் செலவில் கூட வரச் சம்மதித்த கணவருடன் புறப்பட்டேன்.

நரக வாசலில் இறங்கினோம்

பாரிஸ் வழியாகச் செயின்ட் மார்ட்டின் தீவு வரையில் பெரிய விமானம். அங்கிருந்து பத்தொன்பது பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானம். கால் மணிப் பிரயாணம்தான். ஜன்னல் வழியே பார்த்தால், நீலச் சமுத்திரத்தின் நடுவே யாரோ ஒரு பச்சைக் கூம்பைக் கவிழ்த்து வைத்தாற்போல் தீவு தெரிந்தது. மணல் கரை எங்கே என்று தேடினேன். காணோம். எல்லாப் பக்கமும் செங்குத்தான பாறை. பாறையின் காலடியில் வெள்ளை நுரை.

"இதில் எங்கே இறங்கப் போகிறது?" என்று கணவர் கேட்டு வாய் மூடுவதற்குள் விமானம் இறங்கி நின்றுவிட்டது. ஓடுபாதையின் நீளம் சுமார் 400 மீட்டர். பயணி விமானங்கள் தவறாமல் வந்து போகும் ஓடுபாதைகளில் உலகத்திலேயே மிகக் குட்டையானது இதுதான். இரண்டு முனையிலும் பாறை முடிந்து கடல். 1959-ஆம் வருஷம் தீவு மக்கள் இந்த இடத்தில் கிடந்த கற்களைக் கையாலேயே பொறுக்கி அகற்றித் தரையைச் சமன் செய்தார்களாம். அதில்தான் முதல் விமானம் வந்து இறங்கியது. விமான நிலையம் 1963-ல் திறக்கப்பட்டது.

விமான நிலையத்துக்கு மேலே உள்ள ஊரின் பெயர் 'ஹெல்ஸ் கேட்', அதாவது நரக வாசல்! தலைநகரத்தின் பெயரோ 'தி பாட்டம்'. 'அடிப்புறம்' என்று பொருள்படும் அந்த ஊர், கடலிலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில் மலை மடியில் இருக்கிறது. இன்னும் ஒரு விநோதம் கேளுங்கள். தட்டையான பூமிக்குப் பேர்போன நெதர்லாந்து ராஜ்யத்தின் மிக உயரமான சிகரம் ஐரோப்பாவில் இல்லை, இந்தத் தீவில் இருக்கிறது! மவுண்ட் சீனரி என்னும் அந்த எரிமலை சுமார் 870 மீட்டர் உயரம். தீவின் மொத்தப் பரப்போ 13 சதுர கிலோமீட்டர்தான். ஜனத்தொகை சுமார் இரண்டாயிரம். 1493-ல் கொலம்பஸ் இந்தப் பக்கம் கப்பலில் போனார். பாறையைப் பார்த்துவிட்டு இறங்காமலேயே போய்விட்டார். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் குடியேறினார்கள். கை மாறிக் கை மாறி, 1816-லிருந்து தீவு டச்சுக்காரர்களிடமே இருக்கிறது. 2010-லிருந்து நெதர்லாந்தின் ஒரு விசேஷ நகராட்சி. ஆனால் வீதியில் பேசுவது ஆங்கிலம். கடையில் கொடுப்பது அமெரிக்க டாலர்.

வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, பச்சை ஜன்னல் விளிம்பு. வீடுகள் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைப் போல் இருக்கின்றன. ஆறு கிடையாது. கூரையில் விழும் மழையைக் குழாய் வழியே இறக்கி, வீட்டுக்கு வீடு தொட்டியில் சேர்த்து வைக்கிறார்கள். சில வீடுகளின் தோட்டத்தில் தாத்தா பாட்டியின் கல்லறைகள். முதலில் எனக்குச் சற்றுத் திக்கென்றது. மாலையில் ஒரு பேத்தி அந்தக் கல்லறையின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பதைப் பார்த்த பிறகு, திகில் போய்விட்டது.

மூன்றாவது மீட்டரில் தோல்வி

மறுநாள் காலை முக்குளிக்கச் சொல்லிக் கொடுக்கும் இடத்துக்குப் போனோம். எங்கள் ஆசிரியை சேபாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதலில் ஒரு காகிதத்தை நீட்டினாள். காதில் கோளாறு உண்டா, ஆஸ்துமா உண்டா, இருதய வியாதி உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. கல்யாணத்துக்கு முன் பெண்ணைப் பற்றிக் கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றிக் கணவரிடம் கொடுத்தேன். தாலியைத் தொட்டுக் காண்பித்து, "இதைக் கழற்ற மாட்டேன்" என்றேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். "ரப்பர்ச் சட்டைக்கு உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், எதிலும் மாட்டாது" என்று சொல்லித் தானே கழுத்துப் பட்டியைச் சரி செய்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

பிறகு பாடம். கேட்டுக்கொள்ளுங்கள், சுவாரசியமான விஷயம். முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது பிராணவாயு என்று நாம் நினைக்கிறோம். இல்லை, நாம் மூச்சு விடும் அதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் நம்மை அழுத்தும் பாரம் தரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்காகிறது. தரையில் ஊதிய ஒரு பலூனை அங்கே கொண்டுபோனால் பாதியாகச் சுருங்கிவிடும். அங்கே ஊதிய பலூனை மேலே கொண்டுவந்தால் இரண்டு மடங்காக உப்பும். நம்முடைய நுரையீரலும் ஒரு பலூன்தானே? ஆகையால் முதல் சட்டம்: தண்ணீருக்குள் ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதே. இரண்டாவது சட்டம்: மெதுவாக மேலே வா.

மூன்றாவது சமாசாரம், காது. செவிப்பறைக்கு உள்ளே கொஞ்சம் காற்று இருக்கிறது. வெளியே அழுத்தம் கூடும்போது பறை உள்பக்கமாக வளைந்து வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாகக் காற்று காதுக்குள் போய் இரண்டு பக்கமும் சமமாகும். "வலி வருவதற்கு முன்பே செய்யவேண்டும். அடிக்கடி செய்யவேண்டும். பலமாக ஊதக்கூடாது" என்று ஆசிரியை மூன்று தடவை சொன்னாள். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

நீச்சல் குளத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிற்பகல் படகில் கடலுக்குப் போனோம். தண்ணீருக்குள் முகம் போயிற்று. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர். என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிய துருத்திபோல் கேட்டது. காது வலித்தது. மூக்கைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் ஊதினேன். வலி அதிகமாயிற்று. அந்த நிமிஷத்தில் கரீபியன் கடல் மறைந்து, பாட்டி ஊர்க் குளத்தின் பச்சைத் தண்ணீர் என் கண்ணெதிரே வந்தது. ஆசிரியையின் கையைப் பிறாண்டினேன். அவள் என்னைக் கெட்டியாகப் பிடித்து, அவசரமில்லாமல் மேலே கொண்டுவந்தாள். மூன்று மீட்டரோடு என் கடல் யாத்திரை முடிந்தது!

படகில் உட்கார்ந்து அழுதேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கணவர் ஒன்றும் பேசாமல் துண்டைப் போர்த்தினார். ஆசிரியை, "இன்று கடல் வேண்டாமென்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான். இரண்டு நாள் காதுக்கு ஓய்வு கொடுங்கள். ஊரைச் சுற்றிப் பாருங்கள். பிறகு பேசிக்கொள்வோம்" என்றாள்.

"இனிமேல் என்னால் முடியாது" என்றேன்.

அவள் சிரித்தாள். "எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?"

முடியாத சாலை

அந்தச் சாலையின் கதையை அன்று மாலையே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முன்னெல்லாம் இந்தத் தீவில் சக்கரம் உருள இடம் கிடையாது. மேற்குப் பக்கத்தில் 'லாடர்' என்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. பாறையில் வெட்டிய சுமார் 800 படிகள். படகு அலையில் ஆடிக்கொண்டிருக்க, ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சாமான்களை இறக்கித் தலையில் சுமந்து படியேறுவார்கள். அரிசி மூட்டை, ஜன்னல் கதவு, மெத்தை, பியானோ எல்லாமே அப்படித்தான் மேலே போயின. ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குப் போகவும் செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான்.

இந்த மலையில் சாலை போட முடியாது என்று வெளியூர் நிபுணர்கள் கைவிரித்துவிட்டார்களாம். உள்ளூரில் ஜோசபஸ் லாம்பர்ட் ஹாஸல் என்று ஒருவர் இருந்தார். இஞ்சினீயர் பட்டம் பெற்றவர் அல்ல. தபால் மூலம் பாடம் வரவழைத்துச் சாலை போடும் சாஸ்திரத்தைப் படித்தார். 1938-ல் வேலையைத் தொடங்கினார்கள். பெரிய யந்திரங்கள் கிடையாது. கடப்பாறை, சம்மட்டி, கை வண்டி. ஊர் ஜனங்களின் தோள். ஃபோர்ட் பே என்னும் துறையிலிருந்து தலைநகரத்துக்கு ஏறும் முதல் பகுதி 1943-ல் முடிந்தது. 1947-ல் தீவுக்கு முதல் ஜீப் வந்து சேர்ந்தது. மற்றக் கிராமங்களையும் தொட்டுச் சாலை முடிய 1958 ஆயிற்று. மொத்தம் இருபது வருஷம்!

அந்தச் சாலையில்தான் மறுநாள் டாக்ஸியில் போனோம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஆகாசம். வளைவுக்கு வளைவு வயிற்றைக் கலக்கியது. ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் ஒவ்வொரு கல்லும் கையால் வைத்த கல். எனக்கு ஒரு வருஷ நீச்சல் வகுப்பு ஞாபகம் வந்தது. இருபது வருஷத்துக்கு முன் அது எம்மாத்திரம்?

இழை உருவும் கைகள்

டாக்ஸி எங்களை வின்ட்வர்ட்சைடு என்னும் கிராமத்தில் இறக்கிவிட்டது. அங்கே ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு பாட்டி, மடியில் வெள்ளைத் துணியுடன் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி. சகோதரிகளே, என் கால்கள் தாமாக நின்றுவிட்டன. உங்களுடைய கால்களும் நின்றிருக்கும்!

அது சேபா லேஸ். நூலை முடிந்து பின்னுகிற லேஸ் அல்ல. நல்ல நெருக்கமாக நெய்த துணியை எடுத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து கணக்காகச் சில இழைகளை உருவி எடுத்துவிடுகிறார்கள். துணி அந்த இடத்தில் சல்லடைபோல் ஆகிறது. மிஞ்சிய இழைகளை ஊசியால் கட்டிச் சேர்த்து, பூவும் நட்சத்திரமும் சிலந்தி வலையுமாகக் கோலம் போடுகிறார்கள்.

இந்தக் கலை தீவுக்கு வந்த கதை நம் பெண்கள் தெரிந்துகொள்ளவேண்டியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேரி கெர்ட்ரூட் ஹாஸல் என்னும் பெண்ணை வெனிஸுவேலாவின் காராகாஸ் நகரத்துக் கன்னிமாடத்தில் படிக்க அனுப்பினார்கள். கன்னிகாஸ்திரீகளிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாள். மற்றப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தாள். சேபாவின் ஆண்களில் பலர் அந்த நாளில் கப்பல் வேலைக்குப் போய்விடுவார்கள். பிற்பாடு குரசாவ், அரூபா தீவுகளின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போனார்கள். வீட்டில் பெண்களும் குழந்தைகளும் வயோதிகர்களுந்தான்.

விற்பதற்குச் சந்தை இல்லாத தீவு. என்ன செய்தார்கள் தெரியுமா? 1884-ல் வெளியுலகத்துடன் ஒழுங்கான தபால் வசதி ஏற்பட்டது. அமெரிக்காவிலிருந்து தீவுக்கு வரும் சரக்குப் பெட்டிகளின் மேலே கம்பெனி விலாசம் அச்சிட்டிருக்குமல்லவா? அந்த விலாசங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, "நாங்கள் இப்படி லேஸ் வேலை செய்கிறோம், வேண்டுமா?" என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்! பலரிடமிருந்து ஆர்டர் வந்தது. 1928 வாக்கில் வருஷத்துக்கு ஏறக்குறைய 15,000 டாலர் பெறுமான லேஸ் வேலை தீவிலிருந்து வெளியே போயிற்று. அந்தக் காலத்து டாலர், கவனியுங்கள். கப்பலில் போன புருஷன் பணம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த ஊசியால்தான்.

இப்போது இந்த வேலை தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. பாட்டியிடம், "நானும் ஒரு இழை உருவிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். பழைய துணித் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். ஊசி முனையால் ஒரு இழையைத் தூக்கி, வெடுக்கென்று இழுத்தேன். அறுந்துவிட்டது. இன்னொன்றை இழுத்தேன். அதுவும் அறுந்தது.

பாட்டி என் கையின் மேல் தன் கையை வைத்தாள். "குழந்தாய், இழை வரமாட்டேன் என்றால் இழுக்கக்கூடாது. நில். கொஞ்சம் பின்னால் போ. ஊசியால் தளர்த்திக் கொடு. பிறகு கூப்பிடு, வரும்."

அப்படியே செய்தேன். ஒரு சாண் நீள இழை முழுசாக வந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்துக் கணவர், "இதற்காகவா பூமியின் மறுபக்கத்துக்கு வந்தோம்?" என்றார். அவருக்கு அப்போது தெரியாது. எனக்குங்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அன்று இரவு படுத்தபடி மூக்கைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல, ஊதிப் பார்த்தேன். இரண்டு காதும் 'டப்' என்று திறந்துகொண்டன.

மறுநாள் மவுண்ட் சீனரிச் சிகரத்துக்கு நடந்தோம். 1,064 படிகள். மேலே போகப் போக மேகமே காடாக நிற்கிறது. மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, எல்லாவற்றின் மேலும் சொட்டுச் சொட்டாக ஈரம். சிகரத்தில் ஒரு கணம் மேகம் விலகியது. கீழே கடல், என்னவோ எனக்காகக் காத்திருப்பதுபோல் பட்டது.

மறுபடியும்

ஐந்தாம் நாள் காலை நானே ஆசிரியையிடம் போனேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அந்த 'லாடர்' படிக்கட்டுக்கு எதிரே உள்ள விரிகுடாவுக்குப் படகு போயிற்று. ஒரு மிதவையில் படகைக் கட்டினார்கள். மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். அரை மீட்டர், நில், மெல்ல ஊது. அரை மீட்டர், நில், ஊது. ஒரு இடத்தில் இடது காது மறுத்தது. இழுக்கவில்லை. கொஞ்சம் மேலே போனேன். தளர்த்தினேன். திறந்துகொண்டது. குளத்துப் பச்சைத் தண்ணீர் ஒரு தடவை வந்து பார்த்தது. 'வந்தாயா? இரு' என்று சொல்லிவிட்டு மூச்சை விட்டேன். மூச்சு விட விட, வெள்ளிக் காசுகள்போல் குமிழிகள் மேலே போயின. பாதம் எதிலோ பட்டது. கீழே பார்த்தேன். தரை! கடலின் தரை!

எதைச் சொல்ல, எதை விட? அந்தக் காலத்து எரிமலைக் குழம்பு கடலில் ஓடி உறைந்து, சந்து சந்தாகப் பிரிந்து நிற்கிறது. பாறைச் சுவரெல்லாம் பவளம். ஆள் உள்ளே உட்காரலாம் போன்ற பீப்பாய் வடிவக் கடற்பஞ்சு. நீல மீன்கள் ஒரு கூட்டமாக வந்து என்னைச் சுற்றிக்கொண்டு, விசேஷம் ஒன்றுமில்லை என்று கண்டு போய்விட்டன. கிளிமீன் ஒன்று பாறையைக் கறுக் முறுக்கென்று கடிக்கிறது. முறுக்குத் தின்னும் சத்தம் தண்ணீரில் தெளிவாகக் கேட்கிறது! அது பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும்போது பவளத்தையும் அரைத்து விழுங்கி, மணலாக வெளியே விடுகிறது. கொண்டுபோயிருந்த சிவப்புத் துணித் துண்டு பழுப்பாகத் தெரிந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தானாம். ஆசிரியை விளக்கைப் போட்டதும் சிவப்பு திரும்பி வந்தது. பாறை இடுக்கில் ஓர் ஆமை, தூக்கக் கலக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

ஆசிரியை என் கையைப் பிடித்து, மஞ்சள் படிந்த ஒரு மணல் திட்டில் விரல்களை மெல்லப் புதைத்தாள். வெந்நீரில் கை விட்டதுபோல் கதகதப்பு! அடியில் இன்னும் எரிமலையின் சூடு இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில், என் தலைக்கு மேல் இருந்த அத்தனை தண்ணீரையும் மறந்து, குளிர்காலத்தில் அடுப்பங்கரையில் உட்கார்ந்தவள்போல் அப்படியே மண்டியிட்டிருந்தேன்.

மேலே வரும்போது அவசரப்படவில்லை. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்றோம். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற அவகாசம் வேண்டும். சோடா பாட்டிலை வெடுக்கென்று திறந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியுமே! இதே காரணத்தால் முக்குளித்தவர்கள் அன்றே விமானத்தில் ஏறக்கூடாது. பதினெட்டு மணி நேரமாவது கழியவேண்டும்.

படகில் ஏறியதும் கணவர் கேட்டார்: "எப்படி இருந்தது?"

பேச்சு வரவில்லை. மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை அவர் துண்டைத் தேடவில்லை.

நங்கூரம் விழாத கடல்

இவ்வளவு அழகும் தானாகத் தங்கிவிடவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நங்கூரம் ஒன்று விழுந்து இழுபட்டால், நூறு வருஷத்துப் பவளம் ஒரு நிமிஷத்தில் பொடியாகும். சேபா ஜனங்கள் 1987-லேயே தீவைச் சுற்றியுள்ள கடலை, அலை வந்து தொடும் கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரையில், காப்புப் பூங்காவாக்கிவிட்டார்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது. மிதவையில்தான் படகைக் கட்டவேண்டும். முக்குளிக்க வருகிறவர்கள் கொடுக்கும் கட்டணம் பூங்காவின் பராமரிப்புக்குப் போகிறது. எதையும் தொடாதே, எதையும் எடுக்காதே என்பது சட்டம்.

ஆனால் சட்டத்துக்குக் கட்டுப்படாத சங்கடங்களும் உண்டு. பவளத்தின் மேல் பாசி படராமல் மேய்ந்து சுத்தம் செய்யும் நீண்ட முள் கடல் முள்ளெலிகள் கரீபியன் முழுவதிலும் 1983-84-ல் நோயால் மடிந்தன. மேய்ச்சல் இல்லாமல் பல இடங்களில் பாசி பவளத்தை மூடியது. சேபாவில் அவற்றை வளர்த்துக் கடலில் விடும் முயற்சி நடந்து வந்தது. 2022-ல் மறுபடி நோய் வந்து பலவற்றைக் கொண்டுபோயிற்று. "என்ன செய்வீர்கள்?" என்று ஆசிரியையிடம் கேட்டேன். "மறுபடி வளர்க்க வேண்டியதுதான்" என்றாள். இருபது வருஷம் சாலை போட்டவர்களின் பேத்தி வேறு எப்படிப் பேசுவாள்?

போக விரும்புகிறவர்களுக்கு

நெதர்லாந்தின் கரீபியன் பகுதிக்கு நம்மவர்கள் போக, விசா விவரங்களை முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். பாரிஸ் அல்லது ஆம்ஸ்டர்டாம் வழியாகச் செயின்ட் மார்ட்டின். அங்கிருந்து விமானமோ படகோ உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். மணல் கரையில் படுத்து வெயில் காய நினைப்பவர்கள் வேறு தீவு பார்த்துக்கொள்ளவும்; இங்கே ஒரு கரையில் மணல் சில மாதம் வந்துவிட்டு, சில மாதம் காணாமல் போய்விடும்! முழங்கால் வலி உள்ளவர்கள் படிக்கட்டுகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளவும். முக்குளிக்க நினைப்பவர்கள் புறப்படுமுன்பே டாக்டரிடம் காதையும் நெஞ்சையும் காண்பித்துக்கொள்ளவும்.

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆயிற்று. பாட்டி தன் கையால் செய்த லேஸ் கைக்குட்டை ஒன்றை விலை கொடுத்து வாங்கிவந்தேன். நான் அறுத்த இழைத் துண்டையும் கூடவே கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பெண் இரண்டையும் பார்த்துவிட்டு, "இது ஏம்மா இப்படி அறுந்திருக்கு?" என்றாள். குளத்துப் படிக்கட்டிலிருந்து ஆரம்பித்து, எல்லாக் கதையையும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நீச்சல் குளத்துக்குப் போனோம். துண்டை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அப்பா.